கண்ணை மூடி நரம்பு தேடும் பெண்

“அந்த லேப் பொண்ணு கண்ணை மூடிட்டுத்தான் நரம்பு தேடுமுங்க்கா.”

இத்தலாரிலிருந்து ஊட்டி போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். தேயிலை பறிக்கிறவர்கள் என்று விரல் கறையே சொன்னது. மஃப்ளர் கட்டிய மூத்தவள் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு கிளம்பியிருந்தாள். ஊசி என்றால் எனக்கும் ஆகாது. காதைத் தீட்டிக்கொண்டேன்.

“போன தடவ வேற ஒரு ஆளு. நாலு குத்து குத்திப்போட்டு, உனக்கு நரம்பே இல்லைங்கறான்” என்றாள் மூத்தவள்.

“குளிருக்கு நரம்பு உள்ள போயிருதுங்க்கா. இந்தப் பொண்ணு முதல்ல சுடுதண்ணி பாட்டிலக் கையில குடுத்துரும். அப்பறம் ரப்பர் பட்டையக் கட்டி, கண்ணை மூடிட்டு விரலால தடவும். நரம்பு தட்டுப்பட்டதும்தான் கண்ணைத் தொறந்து குத்தும். ஒரே குத்து. எனக்கு வலியே தெரியலீங்க்கா.”

“பாக்காம எப்படிச் சிக்கும்?”

“மூடுபனியில நாம கொழுந்தப் பாத்தா கிள்றோம்?”

மூத்தவள் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அந்தப் பொண்ணு தெனமும் இருக்குமா?”

“இருக்குமுங்க்கா. திங்கக்கிழமை மட்டும் லீவு.” சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்று திங்கள்.

மூத்தவள் கோபப்படவில்லை. பையிலிருந்த டிபன் டப்பாவைத் திறந்தாள்.

“எஸ்டேட்ல நாளைக்கும் லீவு சொல்லிட்டு, பட்டினியாவே வர்றேன். இந்தா, நீயும் ஒரு இட்லி எடுத்துக்க.”