அஞ்சீதாவோட மேப்பு, என்னோட ஒரு வரி

ஆமாக்கா, நானும் பிரிஸ்பேனுக்குத்தான். அதே ப்ளேனுதான். இன்னும் ஒரு மணி நேரம் லேட்டாம், உக்காருங்க. தமிழா? கோயில் பஜனைக்குப் போயி ஒட்டிக்கிட்டது. வீட்டுல எல்லாம் ஹிந்திதான். கோயம்புத்தூர்க்காரங்க காதுக்கு வேடிக்கையா இருக்கும், சிரிச்சுக்குங்க.

வேலைக்குப் போறேன், கம்ப்யூட்டர் வேலை. போன டிசம்பர்ல இந்தத் தீவு நாட்டுல மிலிட்டரி ஆட்சியப் புடிச்சதுல இருந்து, வழி கிடைச்சவங்க எல்லாம் கெளம்பிக்கிட்டுத்தானே இருக்காங்க.

எப்படிக் கெடச்சுதா? தலைநகரம் சுவாவுல, எங்க ஆபீஸ்ல அஞ்சீதான்னு ஒருத்தி. ரெண்டு பேரும் ஒரே நாள் சேந்தோம், பக்கத்துப் பக்கத்து மேஜை. பெரிய ப்ரோகிராம்னா ஆயிரம் துண்டா இருக்கும்ல, அதையெல்லாம் சேத்து ஒண்ணாக்கித் தர்ற சாமான் ஒண்ணு இருக்கு. பில்ட் டூல்னு சொல்லுவோம். பல தேசத்துக்காரங்க சும்மாவே சேந்து எழுதறது, நாங்களும் எழுதுவோம். எதை எப்படிச் சேக்கணும்னு சொல்ல அதுக்குள்ளயே ஒரு குட்டி பாஷை உண்டு. அந்த பாஷைக்கு நான்தான் காவல். யாரு என்ன மாத்தி அனுப்பினாலும், நான் சரின்னாத்தான் உள்ள போவும்.

அதுல லிஸ்ட்டு மட்டுந்தான் இருந்துச்சு. இங்க எல்லாருக்கும் தபாலாபீஸ்ல ஒரு பெட்டி நம்பர் உண்டு, பாத்திருப்பீங்க. ஒரு சீட்டுல ஆளுங்க பேரு, இன்னொரு சீட்டுல நம்பர்னு வச்சுக்குங்க. ஒரு குடும்பம் நாட்ட விட்டுப் போயிட்டா, பேர அடிச்சுட்டு நம்பர அடிக்க மறந்தா? வரிசை ஒரு எடம் தள்ளிப் போயி, அதுக்கப்புறம் எல்லாரு கடுதாசியும் அடுத்தவன் பெட்டிக்குத்தான். பேரச் சொன்னா நம்பரத் தர்றதுக்குப் பேருதான் மேப்பு. அது வேணும்னு ரெண்டு வருஷமா நான் சொல்லிக்கிட்டிருந்தேன். சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். அவ எழுதியே அனுப்பிட்டா, போன நவம்பர்ல.

எல்லாரும் ஆகா ஓகோன்னாங்க. ஜெர்மனிக்காரன் ஒருத்தன், நாலு வருஷத்துல என்னை ஒரு வார்த்த பாராட்டாதவன், அவளுக்கு ஒரு பக்கம் எழுதினான். அன்னையிலேருந்து எனக்கு அவ சிரிக்கறது புடிக்கல. அவ தட்டற சத்தங்கூடப் புடிக்கல.

நல்லா இருந்துச்சாவா? பொய் சொல்ல மாட்டேன்கா, ரொம்ப நல்லா இருந்துச்சு. ஒரே ஒரு கோளாறு. உள்ள இருக்கறதக் கேட்டா ஒவ்வொரு தடவையும் வேற வேற வரிசையில தரும். அப்ப நேத்து செஞ்சதும் இன்னைக்கு செஞ்சதும் ஒண்ணா இருக்காதே. இப்படியே ஏத்துக்க முடியாதுன்னு எழுதினேன். நெசந்தானே?

அப்புறம் மிலிட்டரி வந்துச்சு. அவ வீட்டுக்காரர் தேவேந்திராவுக்கு சர்க்கார் ஆபீஸ்ல வேலை போச்சு. பிரிஸ்பேன் கம்பெனிக்காரன் ஒருத்தன், அந்த மேப்பு உள்ள போவட்டும், ஒடனே வான்னு அவளுக்கு எழுதியிருந்தான். அஞ்சு மாசம் மண்டைய ஒடச்சுக்கிட்டா. கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு. ப்ரேமிலா, எங்க தப்புன்னு தெரியுதான்னு வந்து வந்து கேப்பா. தெரியலயேம்பேன்.

ஏப்ரல்ல கைவிட்டுட்டா. இனிமே நீயே பாத்துக்கன்னுட்டா. மே மாசம் நான் ஒரு வரி சேத்தேன். பேருங்கள அடுக்கி வச்சுட்டு அப்புறம் தரச் சொல்லி, ஒரே வரி. என் பேர்ல உள்ள போச்சு. அஞ்சீதாவுக்கு நன்றின்னு கீழ போட்டேன். கம்பெனிக்காரன், வேலைக்கு வான்னு எனக்கு எழுதினான்.

கோவமா, அவளுக்கா? எங்க. நீயாச்சும் கண்டுபுடிச்சியேன்னு கையப் புடிச்சுக்கிட்டா. இப்பக்கூட வழியனுப்ப வந்திருக்கா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்ச சல்வார் போட்டு நிக்கறாளே, அவதான். நீங்களும் ஒருவாட்டி கை ஆட்டுங்க, சந்தோஷப்படுவா.

அந்த வரியா? கண்டுபுடிக்க எத்தன நாளாச்சுன்னா கேக்கறீங்க? நாளெல்லாம் ஆவலக்கா. நவம்பர்ல, அவ அனுப்பின அன்னைக்கே, டீ ஆறறதுக்குள்ள எழுதிட்டேன்.