ஒன்றரை அடி இடைவெளி

சின்ன விமானத்தின் கூரை நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையைவிடப் பெரிதாக இருக்காது. அதில் எந்த ஆன்டெனாவை எங்கே வைப்பது என்று யோசிக்கவே எனக்கு மூன்று வாரம் பிடித்தது. யோசிப்பது எனக்குப் பிடித்த வேலை.

என் பெயர் ரங்கநாத். சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம். உப்பள முதலாளி தங்கப்பாண்டி அண்ணாச்சி, பவளத்திட்டுகளைப் படமெடுத்துத் தரும் தொழிலுக்காக ஒரு நாலு சீட்டு விமானம் வாங்கினார். அதன் மின்னணுக் கருவிகளுக்கு நான் பொறுப்பு. ஜிபிஎஸ் தேர்ந்தெடுக்கச் சொன்னதும் என்னிடம்தான். ஏழு கருவிகளை ஒப்பிட்டு நாற்பது பக்கம் எழுதினேன். நான் பரிந்துரைத்தது பார்க்கச் சின்னது. ஆனால் சாட்டிலைட் தொடர்பு அறுந்தால் திரை முழுக்கச் சிவந்து சொல்லிவிடும்.

அறிக்கையை அண்ணாச்சி பிரிக்கவே இல்லை. அதன்மேல் டீ டம்ளரை வைத்தார். பைலட் பெர்சி தன் போனில் வேறொரு கருவியைக் காட்டினான்.

"இதைப் பாரும்வே ரங்கு. ஸ்கிரீன் எம்புட்டுப் பெருசு!"

"ஓட்டுதவன் அவன். அவனுக்குத் தோதா இருக்கதைத்தான சார் வைக்கணும்?" என்றார் அண்ணாச்சி.

இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

நான் சண்டை போடவில்லை. அவர்கள் கேட்டதையே பொருத்தினேன். பொருத்தியபின் தரையில் ஒரு சோதனை உண்டு. ரேடியோவில் ஒவ்வொரு அலைவரிசையாகப் பேசி, ஜிபிஎஸ் தடுமாறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றில் தடுமாறியது. பேசும் பட்டனை அமுக்கியதும் சாட்டிலைட் எல்லாம் போய்விட்டன. வரைபடத்தில் மட்டும் விமானம் பழைய இடத்திலேயே நிம்மதியாக நின்றது. மூலையில் எறும்பு அளவில் ஓர் எச்சரிக்கை. ரேடியோ ஆன்டெனாவுக்கும் ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கும் ஒன்றரை அடிதான் இடைவெளி. நடுவில், குறுக்கிடும் ரேடியோ அலையைத் தடுக்கும் ஒரு வடிகட்டி மாட்டினால் தீர்ந்துவிடும். அது என் மேசை டிராயரில் இருந்தது. பத்து நிமிட வேலை.

சோதனைத் தாளில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு தடவை அது அவர்கள் காலை வாரட்டும் என்று நினைத்தேன். பதறிப்போய்த் திரும்புவார்கள், 'நீர் சொன்னதுதான் சரி' என்பார்கள். அதற்குமேல் நான் எதுவும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இரண்டு மாதம் வானம் துடைத்துவைத்தாற்போல் இருந்தது. பெர்சி இந்தக் கடற்கரையிலேயே பிறந்தவன், கரையைக் கண்ணால் பார்த்தே ஓட்டினான். இறங்கும்போதெல்லாம் அந்தத் திரையைச் செல்லமாகத் தட்டிக்கொடுப்பான். அதைப் பார்த்துவிட்டு வந்தால் எனக்கு மத்தியானச் சோறு இறங்காது.

அன்று காலை கடல்மேல் மூட்டம் கவிந்திருந்தது. பவள ஆராய்ச்சி செய்யும் ஏரல்காரப் பெண் பேச்சிச்செல்வி கேமராவோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள். பெர்சி என்னிடம் வந்தான்.

"ரங்கு, நேத்து ரேடியோல பேசுதப்ப மேப்பு ரெண்டு தடவ அப்படியே நின்னுட்டுவே. இன்னைக்கு மூட்டமா வேற கெடக்கு. போலாமா? இல்ல, நாளைக்குப் பாப்பமா?"

இரண்டு மாதமாக நான் காத்திருந்த கேள்வி அது. ஆனால் கருவி சரியில்லை என்று அவன் வாயால் வரவில்லை. கேட்டுக்கொண்டே அதன் திரையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தைரியமாப் போங்க பெர்சி. நான் பார்த்தாச்சு," என்றேன்.

மூட்டத்துக்குள் கரை எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் நான்கு முறை வழி கேட்டிருக்கிறான், அதே அலைவரிசையில். கேட்ட ஒவ்வொரு முறையும் வரைபடம் நின்றிருக்கும். தாழ இறங்கித் தேடியபோது இறக்கை கடலில் தட்டியது. தருவைகுளத்துப் படகுக்காரர்கள்தான் இருவர் உடலையும் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

பேச்சிச்செல்விக்காக வருந்துகிறேன். கருவியைத் தேர்ந்தெடுத்ததில் அவளுக்குப் பங்கில்லை.

விசாரணை முடிந்து, விமானியின் பிழை என்று அறிக்கை வந்தது. என்னை யாரும் சந்தேகிக்கவில்லை. நான் பேசாமலே இருந்திருக்கலாம். ஆனால் அதன் பதினோராம் பக்கத்தில், ஜிபிஎஸ் நல்ல நிலையில் இருந்தது என்று போட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு அண்ணாச்சி அடுத்த விமானத்துக்கும் அதே கருவிக்குச் சொல்லிவிட்டார். அதனால்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

தெரிந்தேதான் அனுப்பினேன். கொலை என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள் சார், கையெழுத்துப் போடுகிறேன். கருவி நன்றாக இருந்தது என்று மட்டும் எழுதாதீர்கள்.