காஜிக்கு எழுதிய பிரதி

— நிறுத்து, ஹம்மா. அந்த வரியை மறுபடி வாசி.

— எந்த வரிண்ணே? காலையில இருந்து கத்திக் கத்தித் தொண்டை வறண்டு கிடக்கு.

— காணாமப் போனவன் பொண்டாட்டி பத்தின வரி.

— 'கணவன் இருக்கிறானா இல்லையா எனத் தெரியாத பெண் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.' போதுமா இத்ரீஸண்ணே? அடுத்த தாளுக்குப் போவோம்.

— எங்க போற? என் கையில இருக்கற மூலத்துல நாலுன்னு இருக்கு.

— கை தவறியிருக்கும்.

— உன் கையா? பத்து வருஷமா நீ எழுதுறதை ஒப்புப் பாக்குறேன், ஒரு புள்ளி விட்டதில்ல. யாருகிட்ட கதை விடுற?

— சரி, வேணும்னுதான் எழுதினேன். கஸ்ஸேக்காக.

— உன் தங்கச்சிக்காகவா?

— உங்களுக்குத் தெரியாததா? அவ புருஷன் உமரு உப்பு ஏத்தப் போயி ரெண்டரை வருஷம் ஆச்சு. கூடப் போன ஒட்டகம்கூடத் திரும்பல. வியாழக்கிழமை காஜி முன்னால அவ வழக்கு. அவரோட பழைய சட்டப் புஸ்தகத்தைக் கரையான் தின்னுடுச்சு, நம்ம பிரதியைப் பாத்துத்தான் தீர்ப்பு. மூலத்துக்குச் சொந்தக்காரர் அதை எடுத்துக்கிட்டு மத்தியானப் படகுல ஜென்னே போயிடுவாரு. கடைசித் தாள்ல நீங்க 'ஒப்புப் பார்த்தேன், சரி'ன்னு பேரைப் போட்டா முடிஞ்சுது.

— காஜிக்கு இது மனப்பாடமாத் தெரியாதாடா?

— வயசாச்சு அவருக்கு. கீழ உங்க பேரைப் பாத்தார்னா தன் ஞாபகத்தைத்தான் சந்தேகப்படுவார்.

— நல்லாத்தான் யோசிச்சிருக்க! நாளைக்கே சங்கோரே பள்ளியில நாப்பது பேரு இதைப் பாத்து எழுதுவான். கானோ, காவோன்னு தூக்கிட்டுப் போவான். நம்ம டிம்பக்டு பிரதின்னா கண்ணை மூடிக்கிட்டு நம்புற ஊருங்க அதெல்லாம். என் சித்தப்பா மூணு வருஷம் கழிச்சு நடந்தே வீடு வந்தாரே, மறந்துட்டியா? எவனோ ஒருத்தன் அப்படி வந்து வாசல்ல நிக்கறப்ப, உள்ள இன்னொருத்தன் சாப்பிட்டுக்கிட்டு இருப்பான்.

— கஸ்ஸேவைக் கேட்டு ஒரு ஆளு அவன் அத்தையை அனுப்பியிருக்கான், அண்ணே. காஜி விடுவிச்சா மட்டும்தான்னு மரியாதையாக் கேட்டிருக்கான். நல்ல மனுஷனாம். பேரை மட்டும் கஸ்ஸே எங்கிட்ட சொல்ல மாட்டேங்கிறா. அது தீர்ப்புக்கு அப்புறமாம்.

— அவ என்ன சொன்னா?

— எனக்குச் சம்மதம்னுதான் சொன்னா. அந்த ஆளுக்கு இன்னும் பதில் சொல்லி விடல. இத்தனை நாள்ல நேத்துதான் அவ சிரிச்சுப் பாத்தேன். அண்ணே? ஏன் மூலத்தைக் கீழ வச்சுட்டீங்க?

— ஒண்ணுமில்ல.

— மனசு இளகிடுச்சுல்ல? இந்தாங்க பேனா, பேரைப் போடுங்க.

— கத்தியை எடு. சுரண்டு.

— அண்ணே!

— தாள் கிழியாம சுரண்டு, ஹம்மா. படகு போறதுக்குள்ள மிச்சத்தையும் பாக்கணும்.

— கல் நெஞ்சுய்யா உங்களுக்கு. சுரண்டியாச்சு.

— நாலுன்னு எழுது.

— எழுதிட்டேன், போதுமா? உங்களுக்கென்ன, பேரு கெடாமத் தப்பிச்சீங்க. அவளுக்கு இன்னும் ஒண்ணரை வருஷம். அதுவரைக்கும் அந்த ஆளு காத்திருப்பானா?

— நான் காத்திருப்பேன்னு கஸ்ஸேகிட்ட சொல்லு.