பக்கத்துக் கட்டலு ஊசி

அட, கதவோரமே நின்னா எப்பிடி, இப்பிடி வந்து ஒக்காருங்க கண்ணு. ஆசுபத்திரித் தப்பப் பத்தி ஆராய்ச்சி பண்றீங்கன்னு நர்சம்மா போன்ல சொன்னாங்க. கேளுங்க. ஊரு பூராச் சொல்லியாச்சு, உங்களுக்குச் சொல்றதுக்கென்ன.

கௌதமா, ஆரு வந்திருக்காங்க பாரு. இல்லீங்க, பேசமாட்டான். கண்ணு மட்டுந்தான் தொறந்திருக்கும். எம்பையந்தானுங்க, இருவத்தாறு வயசு, போர்வெல் வண்டியில வேல. குடல்வாலு வலின்னு நாமக்கல்லுல ஆப்பரேசன் பண்ணுனோம், நல்லாத்தான் முடிஞ்சுது. மறாநாளு காலைல பக்கத்துக் கட்டல்ல படுத்திருந்தவருக்குப் போட வேண்டிய சக்கரை வியாதி ஊசிய இவனுக்குப் போட்டுட்டாங்க. வெறும் வயித்துல கெடந்தவனுங்க. வேர்த்து ஊத்துச்சு. அசந்து தூங்கறான்னு நெனச்சு, பாவி நான், முந்தானையில தொடச்சு உட்டுக்கிட்டே ஒக்காந்திருந்தேன். சக்கரை எறங்கி மூளை அடிபட்டுப் போச்சாம். ரெண்டு வருசமாச்சு. இனித் தேறாதுன்னுட்டாங்க.

ஊசி போட்டவங்களா? மலர்விழின்னு நாகர்கோயில் பக்கத்துப் புள்ள. வேலைக்கு வந்து எட்டே நாளு. பேரக் கேட்டுட்டுத்தாம் போட்டேன், கேட்டுட்டுத்தாம் போட்டேன்னு விசாரணையில அழுதுச்சு. ஆரு நம்புனாங்க? வேலைய உட்டுத் தொரத்திட்டாங்க. நானும் மண்ண வாரித் தூத்துனேன்.

என்னங்க, பேரக் கேட்டாங்களான்னு ஒரு கேள்வி இருக்குதா? எழுதிக்கிறீங்களா? ம்... எழுதிக்குங்க.

கேட்டுச்சுங்க.

கேக்கவே இல்லேன்னு விசாரணையில சொன்னது நாந்தான். பக்கத்துக் கட்டல்காரரு பேரு சாமியப்பன். வார்டுல அல்லாரும் சாமின்னுதான் கூப்புடுவாங்க. அவரு கக்கூசுக்குப் போயிருந்தாரு. அந்தப் புள்ள ஊசியோட வந்து இவங்கிட்ட நின்னு, சாமி இவருதானேம்மான்னுச்சு. நம்மூர்ல பெத்த புள்ளைய வேற எப்பிடிங்க கூப்புடுவோம்? பொறந்ததுலருந்து இவன் எனக்குச் சாமிதான். புள்ள பாசமாக் கேக்குதேன்னு, ஆமாங்க, எஞ்சாமிதானுங்கன்னேன்.

அன்னையிலருந்து அவனக் கூப்புட அந்த வார்த்தை வாயில வரமாட்டேங்குது கண்ணு. கௌதமா, கௌதமான்னுதான் நாள் பூராக் கூப்புடறேன். எங்கூட்டுல அவன ஆரும் பேரச் சொல்லிக் கூப்புட்டதே இல்லீங்களே, அவன் எப்பிடித் திரும்பிப் பாப்பான்?