ஒன்பதாவது வளைவில் எழுதிய பெயர்

எனக்கு வயது ஐம்பத்து நான்கு. லாரி ஷெட்டுக்குப் பின்னால் உள்ள மாடி வீட்டில் மனைவி, மகளோடு குடியிருக்கிறேன். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது தொழில். கூட வேலை செய்பவர்கள் ‘பிரஷ்’ என்று கூப்பிடுவார்கள். இதற்கு முன் எந்த வழக்கிலும் சம்பந்தப்பட்டதில்லை.

வருடந்தோறும் எங்கள் மலைப்பாதை வழியாகத் தொழில்முறை சைக்கிள் பந்தயம் போகும். அதில் ஓட்டும், ரசிகர்கள் ‘ஏணி’ என்று கூப்பிடும் வீரருக்கு நான் ரசிகன். பந்தயத்துக்கு முந்தின நாள் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் அந்தப் பெயரை ஆளுயர எழுத்தில் வெள்ளை பெயிண்டால் எழுதுவது என் வழக்கம். முதல் வருடம் மேலே நின்றபடி எனக்கு நேராக எழுதிவிட்டேன். ஏறி வருகிறவருக்குத் தலைகீழாகத்தானே தெரியும் என்று மகள் சொன்ன பிறகு அழித்துத் திருப்பி எழுதினேன். அப்போது அவளுக்குப் பத்து வயது. அதன் பிறகு பத்து வருடம் தவறாமல் எழுதினேன். காவல் வண்டி பக்கத்திலேயே நிற்கும். யாரும் என்ன ஏது என்று கேட்டதில்லை.

ஐந்து வருடம் முன்பு ஏணி ஊக்கமருந்து எடுப்பதாகப் புகார் வந்தது. விசாரணையில் அவர், தான் சொல்வதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட்டு மறுத்தார். நான் நம்பினேன். அவரைச் சந்தேகித்த என் மைத்துனரோடு பேச்சுவார்த்தையை நிறுத்தினேன்.

அதே வருடம், பந்தயங்களில் ஓட்டிக்கொண்டிருந்த என் மகள் ஒரு நாள் பயிற்சியிலிருந்து பாதியில் வந்தாள். கூட ஓட்டுகிற பெண்கள் ஊசி போட்டுக்கொள்வதாகவும், கோச் தன்னையும் வற்புறுத்தியதாகவும், மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்ததாகவும் சொன்னாள். நான் சுவரில் இருந்த ஏணியின் படத்தைக் காட்டி, “அவன் என்ன ஊசி போட்டா ஏறுறான்? உன் காலுல வலு இல்லன்னு சொல்லு” என்றேன். இந்த வார்த்தையை மாற்றாமல் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகு அவள் பந்தயத்துக்குப் போகவில்லை. இரண்டு சக்கரங்களையும் கழற்றிப் பரணில் போட்டுவிட்டாள். இப்போது மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள்.

கடந்த வியாழக்கிழமை மேற்படி ஏணி தொலைக்காட்சியில், ஆரம்பத்திலிருந்தே மருந்து எடுத்ததாகவும், தன் ரத்தத்தையே எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துப் பந்தயத்துக்கு முன் திரும்ப ஏற்றிக்கொண்டதாகவும் ஒப்புக்கொண்டார். எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லோரும் என்றால் என் மகளும் சேர்த்தியா என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த மகள் நிமிராமலே, “எனக்கு அப்பவே தெரியும்பா” என்றாள்.

அதன் பிறகு ஞாயிறு காலை பத்து மணிக்குக் கறுப்பு பெயிண்டும் நீளக் கம்பு போட்ட ரோலரும் எடுத்துக்கொண்டு அந்த வளைவுக்குப் போனேன். போன வருடம் எழுதியது மங்கலாக இருந்தது. வண்டிகள் ஏறாமல் இருக்க இரண்டு காலி டின்களைக் குறுக்கே வைத்தேன். முதல் எழுத்தை முடித்து ‘ணி’யில் பாதி வந்தபோது, மறுநாள் பந்தயத்துக்கு இடம் பிடிக்க வந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஏணி படம் போட்ட பனியன் அணிந்த ஒருவர், “ஜெயிச்சது ஜெயிச்சதுதானே, விடுங்கண்ணே” என்றார். நான் ரோலரைத் தூக்கி அந்தப் படத்தின் மேல் ஒரே இழுப்பு இழுத்தேன். பெயிண்ட்தான் பட்டது, என் கை படவில்லை. அதன் பிறகு காவலர்கள் வந்து நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள்.

பனியனைக் கெடுத்தது என் தவறு. புதிது வாங்கித் தருகிறேன், படம் இல்லாததாக. பொதுச் சாலையைச் சேதப்படுத்தினேன் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். இத்தனை வருடம் ஒரு பொய்யனின் பெயரை எழுதினேன், வழக்கில்லை. அழித்ததற்கு வழக்கா? போடுவதானால் எழுதியதற்கும் சேர்த்துப் போடுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

இந்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார்கள். சொன்னதெல்லாம் உண்மை என்ற வரிக்குக் கீழே கையெழுத்துக் கேட்டார்கள். ஏணியும் அதே வரிக்குக் கீழேதான் போட்டார். அதனால் அதை அடித்துவிட்டு, என் மகள் அன்று சொன்னது உண்மை என்று எழுதச் சொன்னேன். எழுதிய பிறகு போட்டேன்.

(கையொப்பம்)