குழந்தை இயேசு அயர்லாந்து போகவில்லை

பன்றித் தோலைச் சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும், கேப்டன். ஆறிவிட்டால் அது செருப்பு. முதுகுப் பக்கத்தில் மொறுமொறுவென்று இருந்த துண்டாகப் பார்த்து உங்களுக்காகவே வெட்டி எடுத்து வந்தேன். வெட்டியது டிரைவர்தான். ஆனால் எந்த இடத்தில் என்று விரலால் காட்டியது நான்.

வட்டாரத் தலைவரான உங்களை உள்ளே விட்டுவிட்டு, வெளியே உங்கள் மன்ற உறுப்பினர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் யாரும் சுருதி பார்ப்பதில்லை. நானும் மதியம் இரண்டு கோப்பை ஒயின் குடித்தேன், அதனால் கால் தானாகத் தாளம் போடுகிறது. கண்டுகொள்ளாதீர்கள். இன்றைக்கு எனக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பாக வருகிறது.

உள்ளறையில் உட்காரவைத்திருக்கிறீர்களே ரோவேனா, அவள் திருடவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் எங்கள் குடும்பத்தைப் பற்றித் தெரியாமல் இது உங்களுக்குப் புரியாது.

எங்கள் வீட்டில் வர்க்கம் கிடையாது. மணிலாவில் மற்ற வீடுகளில் இருக்கலாம், நான் எட்டிப் பார்ப்பதில்லை. ரோவேனா பதினேழு வயதில் சமார் தீவிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினாள். வந்த அன்றே சொல்லிவிட்டேன், என்னை "மேம்" என்று கூப்பிடக் கூடாது, "டீட்டா" என்று சொந்த அத்தையைப் போல் கூப்பிட வேண்டும் என்று. அவளுக்கு அந்த மரியாதையை விட மனம் வரவில்லை. இத்தனை வருஷமாக "டீட்டா மேம்" என்றுதான் கூப்பிடுகிறாள். சீருடை என்ற பேச்சே எங்கள் வீட்டில் இல்லை. அவள் உடுத்துவது வெளிர்ப் பச்சை, எங்கள் திரைச்சீலையும் வெளிர்ப் பச்சை. அது அலங்காரம்.

எல்லாப் பெரிய வீடுகளையும் போல எங்களுக்கும் இரண்டு சமையலறை. முன்னால் இருப்பது இத்தாலியிலிருந்து வந்தது. அதில் இன்னும் அடுப்பு பற்றவைக்கவில்லை, புகை படிந்துவிடும். பின்னால் இருப்பதில்தான் சமையல். ஊரில் அதை அழுக்குச் சமையலறை என்பார்கள். அந்தப் பெயரை நான் வீட்டில் தடைசெய்துவிட்டேன். உழைப்பை அவமதிக்கும் சொல் எனக்குப் பிடிக்காது.

போன மாதம் என் தங்கை மகன் டிண்டோ சாப்பிட வந்தான். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் நடத்துகிறவன். தேங்காய்ப்பால் நண்டை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தான்.

"டீட்டா, முதலாளித்துவ சமூகத்துல வர்க்கம் கண்ணுக்குத் தெரியாது. காத்து மாதிரி. அதுக்குள்ளேயே இருக்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாததுக்கு உனக்குச் சம்பளம் குடுக்குறாங்களாடா?" என்று கேட்டேன். என் கணவர் பெப்பிங்குக்குப் புரையேறிவிட்டது. "உழைக்கிறவன் மேல போறான், உழைக்காதவன் கீழ நிக்கிறான். நடுவுல கதவு கிடையாது. வேணும்னா ரோவேனாவையே கேளு."

கூப்பிட்டோம். ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"ரோவேனா, இந்த வீட்டுல வர்க்கம் இருக்கா?"

கொஞ்சம் யோசித்தாள். "முன்பக்கம் இருந்தா எனக்குத் தெரியாதுங்க டீட்டா மேம். நான் பின்னாடிதானே இருக்கேன்."

மேசையே குலுங்கியது. டிண்டோ மட்டும் சிரிக்கவில்லை, வாதத்தில் தோற்றுவிட்டான் அல்லவா. அவளுக்கு ஒரு நண்டுக் காலை என் கையாலேயே கொடுத்தனுப்பினேன்.

அவளை நர்ஸ் படிப்பு படிக்கவைத்ததும் நான்தான். பெப்பிங்குக்குச் சர்க்கரை நோய். ஊசி போட வெளியாள் வந்தால் வந்தவள் மணியைப் பார்ப்பாள். வீட்டுப் பெண்ணே நர்ஸாக இருந்தால் அன்பாகப் போடுவாள். பகலெல்லாம் வேலை, மாலையில் கல்லூரி. அரசுத் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறினாள். வழக்கப்படி அவளை வாழ்த்தி ஒரு பேனர் அடித்து எங்கள் குடியிருப்பின் வாசலில் கட்டினேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெரிதாக இருப்பது என் படம், பக்கத்தில் இருப்பது அவள். ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. உழைத்தால் மேலே வரலாம் என்று டிண்டோவுக்கு என் செலவில் நிரூபித்திருந்தேன்.

அதோடு நின்றிருந்தால் எல்லோருக்கும் நன்றாக இருந்திருக்கும். அவள் மேலும் மேலே போகப் பார்த்தாள். டப்ளினில் ஒரு மருத்துவமனையில் வேலை. டிசம்பர் முடிவதற்குள் வந்து சேர வேண்டும், தவறினால் அடுத்தவளுக்குப் போய்விடும். இன்று இரவு எட்டு மணிக்கு விமானம். கிறிஸ்துமஸ் இரவில் டிக்கெட் மலிவு, அன்றைக்கு வீட்டை விட்டுப் போகிறவன் யாருமில்லை.

என்னிடம் சொன்னபோது அழுதாள். நானும் அழுதேன். "போய்ட்டு வா மகளே" என்று கட்டிக்கொண்டேன். அப்புறம் குளியலறைக்குள் போய் உட்கார்ந்து, இன்று நள்ளிரவு விருந்துக்கு வரும் நாற்பது பேரை நினைத்துப் பார்த்தேன். பெப்பிங்கின் ஊசியை நினைத்தேன். முக்கியமாக அவளை நினைத்தேன். அங்கே குளிர். அங்கே அவளை யாரும் குடும்பமாக நினைக்க மாட்டார்கள், வெறும் நர்ஸாகத்தான் பார்ப்பார்கள். பாவம், அவளுக்கு அது தெரியவில்லை.

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் குழந்தை இயேசு தந்தச் சிலை. பெப்பிங்கின் கொள்ளுப்பாட்டனார் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்தது. நள்ளிரவு வரைக்கும் தொட்டில் காலியாக இருக்கும். பன்னிரண்டு அடித்ததும் நான் எடுத்து வைப்பேன், எல்லோரும் பாடுவார்கள். அதுவரை குழந்தை என் அலமாரியில். இன்று காலை ரோவேனா பின்னால் பன்றிக்கு எலுமிச்சம்புல் திணித்துக்கொண்டிருந்தபோது, குழந்தையை பெப்பிங்கின் கைக்குட்டையில் சுற்றி, டேப் ஒட்டி, அவள் பெட்டிக்குள் வைத்தேன்.

முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள், கேப்டன். தோலைச் சாப்பிடுங்கள்.

எங்கள் குடியிருப்பு வாசலில் பை சோதனை உண்டு. குடியிருப்போர் சங்கத் தலைவி என்ற முறையில் அந்த விதியை எழுதியவளே நான். யாருக்கும் சலுகை கிடையாது, கார் ஸ்டிக்கர் இல்லாத எல்லோருக்கும் சோதனை. வாசலில் எப்போதும் செல்சோ இருப்பார், பெரியவர், அனுபவசாலி. பையில் ஏதாவது அகப்பட்டால் முதலில் எனக்குத்தான் போன் செய்வார். நான் வருவேன். அதிர்ச்சி அடைவேன். எல்லோர் முன்னாலும் அவளை மன்னிப்பேன். போலீஸ் வேண்டாம், இவள் என் குடும்பம் என்று சொல்வேன். அழுது முடிப்பதற்குள் விமானம் போய்விடும். சேர்ந்து வீட்டுக்கு நடப்போம். மன்னிக்கப்பட்டவள் அப்புறம் எங்கேயும் போக மாட்டாள். எவ்வளவு மென்மையான ஏற்பாடு, நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் செல்சோ விடுமுறையில் போய்விட்டார். அவர் இடத்தில் ஒரு புதியவன், விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவன். பொட்டலத்தின் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தான், சிலுவை போட்டுக்கொண்டான், நேராக உங்களுக்குப் போன் செய்துவிட்டான். நான் அழகு நிலையத்தில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். செய்தி கேட்டு ஓடிவந்தபோது உங்கள் ஆட்கள் அவளை வண்டியில் ஏற்றத் தயாராக நின்றார்கள்.

அங்கே அவள் சொன்னதை உங்களிடமும் சொல்லியிருப்பாளே. முதலில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். "குழந்தை இயேசுவுக்கு விசா எடுத்தாச்சான்னு கேளுங்கப்பா" என்றாள். காவலாளி சிரிக்கவில்லை. அப்புறம் பொட்டலத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூலை மடங்காமல், டேப் முறுக்கிக்கொண்டு, ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னைத் திருடின்னு வேணா சொல்லுங்க சார். இப்படிப் பொட்டலம் கட்டுவேன்னு மட்டும் சொல்லாதீங்க. பொறந்ததுலேருந்து ஒரு பையைக்கூடக் கட்டாத கை கட்டினது சார் இது."

சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தாள். காவலாளியும் பார்த்தான். நகப்பூச்சு இன்னும் காயவில்லை. நீங்களும் மீசைக்குள் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்கு மனம் நோகவில்லை என்று சொல்ல மாட்டேன். வளர்த்த பெண் இப்படிப் பேசலாமா. ஆனால் அவளை அப்போதே மன்னித்துவிட்டேன்.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். மிலாக்ரோஸ் அராஸ்தியா ஆகிய நான்தான் வைத்தேன், தெரிந்தே வைத்தேன், அவள் போகக் கூடாது என்று வைத்தேன். புகார் வேண்டாம். வழக்கு என்று போனால் அவளை விருந்து முடியும்வரை உள்ளே வைத்துவிடுவார்கள். நாற்பது பேருக்கு யார் பரிமாறுவது. குழந்தையும் பன்னிரண்டுக்குள் தொட்டிலுக்கு வந்தாக வேண்டும். என்மேல் வழக்கா. நீங்கள் நகைச்சுவை உணர்வுள்ளவர் என்று பெப்பிங் சொல்வார். வெளியே இருக்கிற அந்தக் கூடைப்பந்து மைதானத்துக்குக் கூரை போட்டது யார் என்று நான் ஞாபகப்படுத்தப் போவதில்லை. கூரையிலேயே எழுதியிருக்கிறது.

டிண்டோ இதைக் கேள்விப்பட்டால் வர்க்கம், சுரண்டல் என்று ஆரம்பிப்பான். வர்க்கம் இருக்கிற இடமாக இருந்தால், ஒரு வேலைக்காரப் பெண்ணுக்காக என்னைப் போன்ற ஒருத்தி கிறிஸ்துமஸ் மாலையில், தலையில் பாதிச் சாயத்தோடு, இந்த பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்காருவாளா.

எழுந்திருக்காதீர்கள், கேப்டன். சாவியை அங்கேயே வையுங்கள். மணி இப்போது ஐந்துதான். உடனே விட வேண்டும் என்று நான் சொல்லவில்லையே. விமானம் எட்டுக்கு. ஒன்பதுக்கு விட்டால் போதும்.

வாசலில் நானே காத்திருப்பேன். அவளுடைய பச்சை உடையை இன்று என் கையாலேயே இஸ்திரி போட்டு எடுத்து வந்திருக்கிறேன், காரில் இருக்கிறது. முதல் தடவை பாருங்கள், அங்கங்கே சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அவளே சரிசெய்துகொள்வாள்.