பச்சை மணிக்குப் பதில் சிவப்பு மணி

“உலைவாயை மூடலாம், ஊர்வாயைக்கூட மூடிடலாம். உன் வாயை மூட யாரால முடியும் நாத்தனாரே?”

மாடிப்படியில் நின்று அண்ணி கேட்டார். தெருவே கேட்டது.

“நான் என்ன தப்பாச் சொன்னேன் அண்ணி? உங்க பொண்ணு பைக்ல பின்னாடி உட்கார்ந்து வந்தாளா இல்லையா?”

“மழையில கொண்டாந்து விட்டது டியூஷன் வாத்தியார்டி. அறுபது வயசு. அதுக்குப் போய் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டியே!”

இப்படித்தான் ஆரம்பித்தது, ஐயா. எந்த வீட்டில்தான் இல்லை?

அண்ணிக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. ஒலிபெருக்கி பழுதான நாளிலும் யாரும் பேருந்தைத் தவறவிட்டதில்லை; அப்படிப்பட்ட தொண்டை. அந்தத் தொண்டையால்தான், பேசி முடித்த சம்பந்தம் என்னால் முறிந்தது என்று தெருவுக்கே அறிவித்தார். எனக்குக் கோபமில்லை. கத்திக் கத்தி உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாரே என்ற கவலைதான்.

நான் பயந்தது போலவே குரல் கம்மிவிட்டது. அண்ணன் என்னிடம்தான் வந்தான். “ஆஸ்பத்திரியிலதானே இருக்கே, உள்ள சொல்லிப் பாரேன்.” சொந்தம் பின்னே எதற்கு இருக்கிறது? நானே கூட்டிப் போனேன்.

அங்கே நுண்ணோக்கி அறை என் பொறுப்பு. சதைக்குள் ஒளியை விட்டால், பாலுக்குள் அடித்த டார்ச் மாதிரி சிதறிப்போகும்; ஆழத்தில் இருப்பது எதுவும் தெரியாது. எங்கள் கருவியில் வளைந்துகொடுக்கும் கண்ணாடி ஒன்று உண்டு. சதைக்குள் ஒளிரும் புள்ளி ஒன்றைக் காட்டினால் போதும். அது பளிச்சென்று ஆகும்வரை கண்ணாடி தன்னைத்தானே வளைத்து வளைத்துச் சிதறலைச் சரிக்கட்டும். பிறகு அக்கம்பக்கத்துச் செல்களெல்லாம் துல்லியமாகத் தெரியும். அக்கம்பக்கத்து வீடுகளும் அப்படித்தான். ஒரு புள்ளியை வைத்தால் மிச்சம் தானே தெரியவரும். இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார் என்று பெரிய டாக்டரே சொல்லியிருக்கிறார்.

புள்ளிக்காகக் கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் மணிகளை ஊசியால் உள்ளே வைப்பது நான்தான். கெட்ட செல்களுக்கு ஏற்றும் சாயம் சிவப்பு. எனவே மணி பச்சையாகத்தான் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் மணியே கெட்ட செல்லாகத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான்.

அண்ணியின் தொண்டையிலிருந்து அரிசி அளவு சதை வந்தது. மேலாகக் கெட்டிருந்தால் சுரண்டிவிட்டால் போதும். ஆழத்தில் இறங்கியிருந்தால் குரல்வளையையே எடுக்க வேண்டும். அன்று என் கை சிவப்பு மணிப் புட்டிக்குப் போனது. தவறிப் போகவில்லை. நல்ல ஆழத்தில், இங்கொன்று அங்கொன்றாக வைத்தேன்.

பெரிய டாக்டர் திரையைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார். “எவ்வளவு ஆழம், எவ்வளவு ஷார்ப்.”

“எதுக்கும் பழையபடி மெல்லிசாச் சீவிப் பார்த்துடலாமா சார்?” என்று சின்ன டாக்டர் கேட்டாள்.

“சீவிப் பார்க்கறதுக்காம்மா இந்த மெஷினை வாங்கினோம்?”

மாநாட்டில் காட்ட அவருக்குப் படம் தேவைப்பட்டது. படமும் அழகாக இருந்தது. அந்த அழகில் எனக்கும் பங்கு உண்டு.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. கட்டிலருகே நான்தான் இருந்தேன். கஞ்சி ஊற்றினேன், தலை வாரிவிட்டேன், வந்தவர்களிடம் அண்ணிக்குப் பதிலாக நானே பேசினேன். எங்கள் வீட்டில் அவ்வளவு நிம்மதி இருந்ததே இல்லை.

அந்த அரிசி அளவு சதையில் மிச்சமிருந்ததைச் சின்ன டாக்டர் இப்போதுதான் சீவிப் பார்த்திருக்கிறாள். “எந்தச் செல்லும் இவ்வளவு உருண்டையா இருக்காதே அக்கா” என்று என்னிடமே வந்து கேட்டாள். கெட்டிக்காரி. நான்தானே பழக்கினேன். அவள் போலீசில் சொல்லித்தானே நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

ஆமாம், நான்தான் வைத்தேன். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லையே, ஐயா. சத்தத்தை மட்டும்தான் குறைத்தேன்.

அண்ணி மகளுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை யாரென்று நினைக்கிறீர்கள்? அந்த டியூஷன் வாத்தியாரின் மகன். ஆக, பைக் விஷயத்தில் நான் சொன்னது முழுப் பொய்யில்லை. பெண்ணோடு இருக்கலாம் என்று அண்ணனும் அண்ணியும் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். லாரியில் சாமான் ஏற்றும்போது நான் வாசலிலேயே நின்றேன். அண்ணி தெருவில் எல்லோருக்கும் கை காட்டினார். என்னை நேராகப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

அவ்வளவு செய்திருக்கிறேன். போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஐயா. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.